மேடையும் மேசையும்

இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் யூனியனில் வேலை பார்த்தே தலை நரைத்தவர் அவர். 1973-இல் யாழ்ப்பாணத்திலிருந்து சிவில் எஞ்சினியரிங் படிக்கப் போனார். படித்து முடித்த கையோடு யூனியனிலேயே சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார். மேடைக்குப் பெட்டி சுமப்பதில் தொடங்கி, இசைக்குழுக்களைத் தேடிப் பிடித்து ஒப்பந்தம் பேசினார். பிறகு பார், கடை, ஆலோசனை மேசை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். ஓய்வு பெறும்வரை அந்தக் கட்டடம்தான் அவருக்கு உலகம். தொடக்கத்தில் வந்த தமிழ் மாணவர்களுக்கு அவர் ‘அண்ணை’. பிற்பாடு வந்தவர்களுக்கு ‘அங்கிள்’.

மாணவர் யூனியன் என்றால் நம் ஊரில் தேர்தலும் போராட்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அவை இரண்டும் உண்டு. கூடவே அது ஒரு பெரிய நிர்வாகமும்கூட. பார், சாப்பாட்டுக்கூடம், எழுதுபொருள் கடை, பழைய பாடப்புத்தக விற்பனை, துணி துவைக்கும் இடம், பயணச்சீட்டு அலுவலகம், வாடகை அறைப் பட்டியல், விளையாட்டுக் குழுக்களுக்கு வேன், வீட்டுக்காரரோடு தகராறு என்றால் சட்ட ஆலோசனை, கையில் காசில்லை என்றால் கைமாற்று என எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடந்தன. நாடு முழுவதுக்குமான தேசிய மாணவர் சங்கம் 1922-இல் பிறந்தது. 1965-இல் அது எண்ட்ஸ்லீ என்ற காப்பீட்டு நிறுவனத்தையே தொடங்கியது. அவ்வளவு பெரிய ஏற்பாட்டில் சனிக்கிழமை இரவு மேடையில் யார் பாடுகிறார்கள் என்பது ஒரு வரிதான்.

ஆனால் அந்த ஒரு வரிதான் மற்ற பல வரிகளைத் தாங்கியது. டிக்கெட்டில் கை கடித்தாலும் பாரில் ஈடாகிவிடும். பாரில் மிஞ்சியது ஆலோசனை மேசையில் உட்காருபவரின் சம்பளத்துக்குப் போகும். மேடையை மட்டும் பார்த்தவர்களுக்கு யூனியன் பிடிபடாது, மேசையை மட்டும் பார்த்தவர்களுக்கும் பிடிபடாது என்று அவர் இன்றும் வாதாடுவார். கணக்கைத் திறந்தால் இரண்டும் ஒரே வீட்டுச் செலவு.

அவர் போய்ச் சேர்ந்த காலம் அந்த மேடைகளின் உச்சகாலம். 1961-இல் சசெக்ஸ், 1963-இல் யார்க்கும் கிழக்கு ஆங்கிலியாவும், 1964-இல் லாங்காஸ்டரும் எசெக்ஸும், 1965-இல் வாரிக்கும் கென்ட்டும் எனப் புதிய பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து எழுந்திருந்தன. அவற்றில் பலவற்றில் ஆயிரம் பேருக்கு மேல் நிற்கக்கூடிய ஒரு கூடம். 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூராட்சி மன்றங்களே மாணவர்களின் கல்விக் கட்டணத்தைக் கட்டி, செலவுக்கும் மானியம் கொடுத்தன. யூனியன் சந்தாவும் அதோடு சேர்ந்தே வந்தது. ராக் இசையும் நடன அரங்குகளை விட்டு, உட்கார்ந்து கேட்கும் இசையாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. பெரிய உள்ளரங்குகள் அப்போது அரிது, பர்மிங்ஹாமின் என்.இ.சி. அரங்கமே 1980-இல்தான் திறந்தது. ஒரு குழு நாடு சுற்ற வேண்டுமென்றால் பல்கலைக்கழகங்களைத் தொட்டுத்தான் சுற்ற வேண்டும். மாணவர்களுக்கோ லாபம் தேவையில்லை, நஷ்டம் வராமல் இருந்தால் போதும். இசைத்தட்டுக் கம்பெனிகள் கண்டுகொள்ளாத குழுவைக்கூட யூனியன் துணிந்து அழைத்ததற்கு அதுதான் காரணம்.

அழைப்பவர் இருபது வயதுப் பிள்ளை. சோஷியல் செக்ரட்டரி, பிற்காலத்தில் என்ட்ஸ் செக்ரட்டரி என்று பெயர். அவர் கையில் யூனியனின் காசோலைப் புத்தகம் இருக்கும். வாரம் ஒரு கச்சேரி நடத்திப் பழகியவருக்குப் பட்டப்படிப்பு முடியும்போது ஒரு தொழிலும் கைவந்திருக்கும். பிரைட்டனில் மருந்தியல் படித்துக்கொண்டே 1960-களின் நடுவில் கச்சேரி நடத்தத் தொடங்கிய ஹார்வி கோல்ட்ஸ்மித்தான் 1985-இல் வெம்ப்ளியில் லைவ் எய்ட் நிகழ்ச்சியை முன்னின்று நடத்தினார். மான்செஸ்டரில் குழுக்களைப் பிடித்த கிறிஸ் ரைட்டும் நியூகாசிலில் பிடித்த டெரி எல்லிஸும் சேர்ந்து ஏஜென்சி தொடங்கி, அதைக் கிரிசாலிஸ் ரெக்கார்ட்ஸாக வளர்த்தார்கள். லீட்ஸில் என்ட்ஸ் செக்ரட்டரியாக இருந்த ஆன்டி கெர்ஷா பிபிசி வானொலியில் புகழ்பெற்றார். ரேடியோஹெட்டின் காலின் கிரீன்வுட் கேம்பிரிட்ஜ் பீட்டர்ஹவுஸ் கல்லூரியில் இதே பொறுப்பில் இருந்தவர். நகைச்சுவை நடிகராகப் பேர் வாங்குவதற்கு முன்னால் ரிக்கி ஜெர்வெய்ஸ் லண்டன் பல்கலைக்கழக யூனியனில் நிகழ்ச்சிகளைக் கவனித்தார்.

இந்தத் தலைமுறைக்கு லீட்ஸ் ஒரு கோயில். 1970 பிப்ரவரி 14 அன்று தி ஹூ குழு அங்கே ரெஃபெக்டரி எனும் சாப்பாட்டுக்கூடத்தில் வாசித்தது. அந்தப் பதிவு ‘லைவ் அட் லீட்ஸ்’ என்ற பெயரில் மே மாதம் இசைத்தட்டாக வந்து, மேடைப் பதிவுகளுக்கே ஓர் அளவுகோலாக ஆனது. கட்டடத்தில் இன்று அதற்கொரு நீல நினைவுப் பலகை உண்டு. 2006-இல் அந்தக் குழுவே திரும்பி வந்து அதே கூடத்தில் வாசித்தது. மதியம் பட்டாணியும் வறுத்த உருளைக்கிழங்கும் பரிமாறிய இடம் அது.

பெட்டி சுமந்த காலத்தில் அண்ணை முதலில் கற்றதும் சாப்பாட்டுக்கூடம் மேடையாகும் அந்த மாற்றத்தைத்தான். கச்சேரி நாளன்று இரண்டு மணிக்கு லாரி வந்து நிற்கும். உள்ளே கடைசிப் பந்தி இன்னும் முடிந்திருக்காது. தட்டுகளை எடுக்க எடுக்க மேசைகளை மடித்துச் சுவரோரம் சாய்ப்பார்கள். தரையில் கொட்டிய கஸ்டர்டைத் துடைக்காமல் விட்டால் ஸ்பீக்கர் பெட்டியின் சக்கரம் வழுக்கும். ஆகவே துடைப்பமும் வாளியுமாக ஒருவர் முன்னே போவார். ஒரு பெட்டிக்கு நான்கு பேர். மேடைக்கு மரப்பலகைகளைப் பூட்டி, அவற்றின் மேல் கறுப்புத் துணியை அடிப்பார்கள். சமையலறைக்கு வரும் மும்முனை மின்சாரத்திலிருந்துதான் விளக்குகளுக்கும் இழுக்க வேண்டும். அடுப்பு அணைந்ததைத் தலைமைச் சமையற்காரர் வந்து சொல்லும்வரை எலெக்ட்ரீஷியன் கம்பியைத் தொடமாட்டார். ஐந்து மணிக்கு சவுண்ட் செக். நூலகத்திலிருந்து புகார் வரும். ஏழரைக்குக் கதவு திறக்கும்போது அது சாப்பாட்டுக்கூடம் என்பதற்கான ஒரே அடையாளம் மூக்குக்கு மட்டும்தான் தெரியும். சுமந்தவர்களுக்குக் கூலி, இலவச அனுமதியும் சாண்ட்விச்சும் ஒரு பியரும்.

பெரிய பெயர்களும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தன. பீட்டில்ஸ் பிரிந்தபின் பால் மெக்கார்ட்னி விங்ஸ் என்ற புதுக் குழுவோடு வேனில் கிளம்பினார். தேதியும் இல்லை, விளம்பரமும் இல்லை. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக யூனியனில் போய் ‘நாளை இங்கே வாசிக்கலாமா’ என்று அவருடைய ஆட்கள் கேட்டார்கள். 1972 பிப்ரவரி 9 மதியம் கச்சேரி நடந்தது. கட்டணம் சில பென்ஸ்தான். அங்கிருந்து வேன் வடக்கே யார்க், ஹல், நியூகாசில் என்று பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போனது. ‘வெளியே யாரோ பால் மெக்கார்ட்னியின் ஆள் என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார்’ என்று யாராவது வந்து சொன்னால் சிரித்து அனுப்பிவிடாதே என்பதை அதன்பின் எல்லா யூனியன் வரவேற்பறைகளும் ஒரு பாடமாகவே சொல்லிக்கொடுத்தன.

பொதுமக்களுக்கு இந்தக் கச்சேரிகள் எளிதில் எட்டவில்லை. பல யூனியன் பார்கள் உறுப்பினர் சங்கம் என்ற வகையில் உரிமம் பெற்றவை. மாணவர் அட்டை வைத்திருப்பவர் உள்ளே வரலாம். கூட ஒரு விருந்தாளியைக் கையெழுத்துப் போட்டு அழைத்து வரலாம். தொழிற்சாலைக்குப் போகும் உள்ளூர் இளைஞர் தனக்குப் பிடித்த குழுவைப் பார்க்க, வாசலில் நின்று முன்பின் தெரியாத மாணவரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. பிபிசி 1978 முதல் 1981 வரை பல்கலைக்கழகக் கச்சேரிகளைப் படம் பிடித்து ‘ராக் கோஸ் டு காலேஜ்’ என்று ஒளிபரப்பியது. அதற்காக 1978-இல் சர்ரே பல்கலைக்கழகத்துக்கு வந்த ஸ்ட்ராங்லர்ஸ் குழு, டிக்கெட்டுகளை ஊர்க்காரர்களுக்கும் பங்கிடச் சொல்லியிருந்தது. அது நடக்கவில்லை என்று தெரிந்ததும் சில பாட்டுகளோடு மேடையை விட்டு இறங்கிவிட்டது. கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அண்ணை தன் யூனியனில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவரப் போராடினார். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு பங்கு டிக்கெட் நகரத்து இசைத்தட்டுக் கடையில் விற்கப்பட வேண்டும், உரிமத்தையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார். ஊர்க்காரர் உள்ளே வந்தால் சண்டை வரும் என்று கமிட்டியில் பயந்தார்கள். வந்தவர்கள் பாட்டுக் கேட்டார்கள், பாரில் தாராளமாகச் செலவழித்தார்கள். அதோடு அந்த இசைத்தட்டுக் கடைக்காரர் அவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த உளவாளியாகவும் ஆனார்.

குழு தேடுவது காதால் மட்டும் நடக்கிற வேலை இல்லை. திங்கட்கிழமை காலை லண்டனிலிருந்து ஏஜென்ட்டுகள் போன் செய்வார்கள். இந்தப் பெரிய குழு வேண்டுமானால் அந்தச் சின்னக் குழுவையும் சேர்த்து எடு என்பார்கள். தபாலில் டெமோ கேசட்டுகள் மூட்டையாக வரும். இரவு பத்து மணிக்கு மேல் ரேடியோ ஒன்றில் ஜான் பீல் யாருக்கும் தெரியாத குழுக்களை ஒலிபரப்புவார். பக்கத்தில் துண்டுத்தாளோடு உட்கார்ந்து பெயர் குறித்துக்கொள்ளும் வழக்கம் நாடெங்கும் என்ட்ஸ் செக்ரட்டரிகளுக்கு இருந்தது. 1967-இல் ரேடியோ ஒன் தொடங்கியதிலிருந்து 2004-இல் இறக்கும்வரை பீல் அதைச் செய்தார். ஒரு குழு அவர் நிகழ்ச்சியில் வாசித்துவிட்டது என்றால், ஊர் பேர் தெரியாத அந்தக் குழுவுக்கு முந்நூறு பேர் வருவார்கள் என்று நம்பித் தேதி கொடுக்கலாம்.

ஆனால் நேரில் போய்ப் பார்க்காமல் அண்ணை யாருக்கும் தேதி கொடுத்ததில்லை. மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை இரவு, மதுக்கடையின் பின்னறை, முப்பது பேர்தான் கூட்டம். அன்றைக்குத்தான் ஒரு குழுவைப் பார்க்க வேண்டும் என்பார். முப்பது பேருக்கு முழு மனதோடு வாசிப்பவர்கள் ஆயிரம் பேருக்கும் வாசிப்பார்கள். கூடவே வந்த ஒரு தமிழ் மாணவனுக்கு அவர் சொன்னது இது: “தம்பி, மேடையைப் பாக்காதையும், சனத்தைப் பாரும். பாருக்குப் போனவை திரும்பி வருகினமோ எண்டு பாரும். போன முறை வந்தவை இந்த முறை ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கினமோ எண்டு விசாரியும்.” பிறகு டிரம்ஸ்காரரைப் பார்க்கச் சொல்வார். பாடகர் சுருதி விலகினாலும் ஒரு வருடத்தில் தேறிவிடலாம், டிரம்ஸில் தாளம் நிற்கவில்லை என்றால் அந்தக் குழு ஆறு மாதத்தில் உடையும் என்பது அவர் கணிப்பு.

விலை பேசுவதற்குத் தனி நிதானம் வேண்டும். அக்டோபரில் நடக்கப்போகும் கச்சேரிக்குக் கோடையிலேயே கையெழுத்தாகும். சில நூறு பவுண்டுக்கு ஒப்புக்கொண்ட குழுவின் பாட்டு இடையில் தரவரிசையில் ஏறிவிட்டால் ஏஜென்ட்டின் குரல் மாறும். டிவி அழைப்பு வந்துவிட்டது, பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று காரணங்கள் வரும். அதனால் ஒப்பந்தத்தில் மாற்றுத் தேதியையும் எழுதி வாங்குவார். தொகையும் இரண்டு விதம். ஒன்று, கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இவ்வளவு என்ற உத்தரவாதத் தொகை. இன்னொன்று, செலவு போக மிஞ்சுவதில் எண்பதோ எண்பத்தைந்தோ சதவீதம் குழுவுக்கு என்ற பங்கு. பெரும்பாலும் இரண்டில் எது அதிகமோ அது.

கச்சேரி முடிந்து கூடம் காலியான பிறகுதான் உண்மையான இன்னொரு நிகழ்ச்சி தொடங்கும் என்பார். நள்ளிரவு தாண்டி, யூனியன் அலுவலகத்தின் குழல்விளக்கு வெளிச்சத்தில், மேசையின் ஒரு பக்கம் டூர் மேனேஜர், மறுபக்கம் யூனியன் பொருளாளரான மாணவி. மாணவருக்கு ஒரு நிறம், விருந்தாளிக்கு வேறு நிறம் என்று எண் அச்சிட்ட டிக்கெட் சுருள்கள். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கழித்தால் விற்றது எத்தனை என்று தெரியும். அதிலிருந்து 1973-இல் வந்த வாட் வரியையும், பாடல் உரிமைக்கான பி.ஆர்.எஸ். தொகையையும் கழிக்க வேண்டும். பிறகு மின்சாரம், சுவரொட்டி, பாதுகாப்பு எனச் செலவுக்கு ரசீது ரசீதாகக் காட்ட வேண்டும். டூர் மேனேஜர் தினமும் இதைச் செய்கிறவர், ‘சுவரொட்டிக்கு இவ்வளவா?’ என்று புருவத்தைத் தூக்குவார். பத்தொன்பது வயதுப் பொருளாளர் ரசீதை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வாய் திறக்காமல் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் அண்ணை வருடா வருடம் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பணத்தைக் கட்டுக்கட்டாக எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டபின்தான் லாரி கிளம்பும்.

வருடா வருடம் என்பதுதான் இந்த வேலையின் அச்சாணி. ஒரு வருடம் படிப்பை நிறுத்திவைத்துச் சம்பளத்தோடு யூனியனை நடத்தும் மாணவர்களை சபாட்டிக்கல் அதிகாரிகள் என்பார்கள். கோடையில் பொறுப்பேற்று, கிறிஸ்துமஸுக்குள் வேலை பழகி, அடுத்த கோடையில் போய்விடுவார்கள். நிரந்தர ஊழியர்கள்தான் அந்த இடத்தின் ஞாபகம். முடிவெடுக்கும் உரிமையோ தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு. எத்தனை அனுபவம் இருந்தாலும் அவர் கமிட்டியில் ஆலோசனைதான் சொல்லலாம், கை தூக்க முடியாது. அந்த ஏற்பாட்டை அவர் முழு மனதோடு மதித்தார். தன் காதுக்கு இரைச்சலாகப் பட்டதைப் பிள்ளைகள் பிடிவாதமாக அழைத்ததால்தான் பங்க் இசை அந்தக் கூடத்துக்கு வந்தது என்று பெருமையோடு சொல்வார்.

பங்க் பிறந்ததே ஒரு கல்லூரியில்தான் என்று சொல்லலாம். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1975 நவம்பர் 6 அன்று லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளியில் முதல் முறையாக மேடையேறியது. (ஈழத் தமிழ்க் குடும்பத்து மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகறிந்த பாடகி, படித்தது அதன் வாரிசான சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில்.) ஓராண்டு கழித்து, 1976 டிசம்பர் முதல் தேதி, அந்தக் குழு டிவி நேர்காணலில் கெட்ட வார்த்தை பேசியது. நாடே கொதித்தது. டிசம்பர் 3-இல் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் நடக்கவிருந்த கச்சேரியைத் துணைவேந்தர் ரத்து செய்தார். மாணவர்கள் எதிர்த்து உள்ளிருப்புப் போராட்டம் செய்தார்கள். ஊர் ஊராகக் கதவுகள் மூடின. டிசம்பர் 6 அன்று லீட்ஸ் பாலிடெக்னிக்கில் கச்சேரி நடந்தது. யாரை மேடையேற்றுவது என்ற உரிமை யூனியனுக்கா நிர்வாகத்துக்கா என்ற கேள்வியை அந்த வாரம் எல்லாக் கமிட்டிகளும் விவாதித்தன. கட்டடம் நிர்வாகத்தின் சொத்தாக இருக்கும் இடங்களில் அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

மேசையின் கதை இதோடு பின்னிக்கிடக்கிறது.

1975 முதல் யார்க்‌ஷயரில் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் இரவில் வெளியே போக வேண்டாம் என்று போலீஸ் சொன்னது. 1977 நவம்பர் 12 அன்று லீட்ஸில் பெண்கள் ‘இரவை மீட்போம்’ என்று தெருவில் இறங்கினார்கள். 1980 நவம்பரில் லீட்ஸ் பல்கலைக்கழக மாணவி ஒருவர் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துபோகும் வழியில் கொல்லப்பட்டார். அந்த வாரம் அண்ணையின் யூனியனில் கூட்டம் கொள்ளாமல் ஒரு பொதுக்குழு நடந்தது. விளையாட்டுக் குழுக்களின் வேன்களை இரவில் பெண்களுக்கான வண்டிகளாக ஓட்டுவது, பெண்களே ஓட்டுவது, கச்சேரி முடிந்து கடைசிப் பெண் வீடு சேரும்வரை ஓட்டுவது என்று தீர்மானமானது. பெட்ரோல் செலவு எந்தத் தலைப்பில் என்று கேள்வி எழுந்தது. கச்சேரிச் செலவில் எழுதுங்கள் என்றார் அவர். ஏஜென்ட்டுகளிடமும் சொல்லிவிட்டார்: பாதுகாப்புச் செலவு என்ற வரியில் இனி இதுவும் வரும், பங்கு பிரிப்பதற்கு முன்னால் கழிக்கப்படும். முணுமுணுத்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். 1981 ஜனவரியில் கொலையாளி பிடிபட்டான். வண்டி நிற்கவில்லை.

இரவுக்காக நடந்த இன்னொரு சேவையும் அவர் மனதுக்கு நெருக்கமானது. 1970-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நைட்லைன் அது. இரவு முழுக்க ஒரு தொலைபேசி, அதன் முன்னால் பயிற்சி பெற்ற இரண்டு மாணவர்கள். புத்தி சொல்லமாட்டார்கள், பெயர் கேட்கமாட்டார்கள், கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேறு பல்கலைக்கழகங்களுக்கும் அது பரவியது. அந்த அறையின் வாடகையும் தொலைபேசிக் கட்டணமும் யூனியன் கணக்கில்தான்.

1980-இலிருந்து புதிதாக வரும் வெளிநாட்டு மாணவர்கள் முழுச் செலவையும் கட்டணமாகக் கட்ட வேண்டும் என்று அரசு மாற்றியது. காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்களுக்கு அது பேரிடி. மூன்று வருடம் கழித்து 1983 ஜூலை. தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு எரிந்தது. ஊரிலிருந்து பணம் வருவது நின்றுபோன பிள்ளைகள் கோடை விடுமுறையில் ஆளில்லாத யூனியனில் அவரைத் தேடி வந்தார்கள். கட்டணத் தவணை, அறை வாடகை, விசா நீட்டிப்பு, இவற்றோடு வீட்டிலிருந்து ஒரு செய்தியும் இல்லாத கவலை. யூனியனின் கைமாற்று நிதியிலிருந்து அவர்களுக்குக் கடன் கொடுக்கப்பட்டது. தவணையைத் தள்ளிப்போடும்படி பல்கலைக்கழகத்துக்கு ஒவ்வொருவர் பெயரிலும் கடிதம் போனது. பாரிலும் மேடையிலும் மாலை வேலை ஏற்பாடானது. அந்த அக்டோபர் புதுமுக வாரக் கச்சேரிகளில் பெட்டி சுமந்தவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணத்துப் பெடியள்.

ஏன் நிதி திரட்டும் கச்சேரி வைத்து நேரே ஊருக்குப் பணம் அனுப்பவில்லை என்று அவரிடம் பலர் கேட்டதுண்டு. அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1972-இல் சசெக்ஸ் யூனியன் மீது நடந்த வழக்கில், யூனியன் பணம் கல்விக்கானது, வெளியே உள்ள நற்பணிக்கோ அரசியல் பிரசாரத்துக்கோ அதை எடுக்கக்கூடாது என்று தீர்ப்பானது. 1984-இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி ஓராண்டு நீடித்தபோதும் அதே சுவர். அப்போது அவர்கள் கண்ட வழி நேர்மையானது, சட்டத்துக்கும் உட்பட்டது. கூடத்தை ஆதரவுக் குழு முறைப்படி வாடகைக்கு எடுக்கும், இசைக்குழு சம்பளம் வாங்காது, வாசலில் வாளி நிற்கும். வாளியில் விழுவது கொடுப்பவரின் சொந்தப் பணம். யூனியன் கணக்கை அது தொடாது. பிறகு ஈழ அகதிகளுக்காகத் தமிழ் மாணவர்கள் நடத்திய மாலைகளும் இதே முறையில்தான் நடந்தன.

அதே காலத்தில் மேடையின் நிறமும் மாறியது. பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளைகள், இரவில் வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்கள் உட்பட, மதிய வேளையில் கூடிய ‘டே-டைமர்’ பாங்ரா ஆட்டங்கள் பிராட்ஃபோர்டிலும் லண்டனிலும் பரவின. அலாப், ஹீரா போன்ற குழுக்கள் இசைத் தரவரிசையில் பெயர் வராமலே கூடங்களை நிரப்பின. ஏஜென்ட் பட்டியலில் இல்லாத குழுக்கள் அவை. கேசட் விற்கும் மளிகைக் கடையில் விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். ‘நமக்கும் ஒருநாள் கூடம் கொடுங்கள்’ என்று ஆசிய மாணவர்கள் கேட்டு வாங்கிய முதல் மதியத்தில், ராக் கச்சேரிக்கு வருவதை விடப் பெரிய வரிசை நின்றது. பாரில் வியாபாரம் ஆரஞ்சுச் சாறு.

பிறகு காசு வரும் வழி மாறியது. 1990-இல் மானியம் உறைந்தது, மாணவர் கடன் வந்தது. 1994-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் யூனியனில் சேராமல் இருக்கும் உரிமையை மாணவருக்குக் கொடுத்தது. முக்கியப் பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்பையும், சம்பளப் பதவியில் மொத்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதையும் கட்டாயமாக்கியது. ரகசிய வாக்கெடுப்பை அவர் வரவேற்றார். கல்விக் கட்டணம் 1998-இல் ஆயிரம் பவுண்டாக வந்து, 2006-இல் மூவாயிரம், 2012-இல் ஒன்பதாயிரம் என்று ஏறியது. கடன் கணக்கு மனதில் ஓடும் பிள்ளை பாரில் ஒரு இரவு முழுக்க நிற்பதில்லை. புதிய தலைமுறையில் பலர் குடிப்பதே இல்லை. ஷெஃபீல்டில் 1991, மான்செஸ்டரில் 1995, லீட்ஸில் 2013 எனப் பெரிய அரங்கங்கள் எழுந்தன. பெரிய ப்ரொமோட்டர்கள் தங்கள் சொந்தக் கூடங்களையே நாடெங்கும் சங்கிலியாக வைத்திருக்கிறார்கள். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் வாசலில் நிற்கும் காவலருக்கு உரிமம் வேண்டும். மாணவர்களே கதவைக் காத்த காலம் முடிந்தது. அதில் அவருக்கு வருத்தமில்லை. நெரிசலில் உயிர் போன செய்திகளை அவர் தலைமுறை கேட்டிருக்கிறது. தடுப்புக் கம்பியும் பயிற்சி பெற்ற காவலரும் எவ்வளவு செலவானாலும் வேண்டும் என்பார்.

எல்லா மேடையும் அணையவில்லை. மான்செஸ்டர் மாணவர் யூனியன் 1990-இல் திறந்த அகாடமி இன்று பல கூடங்களாக நாட்டின் முக்கிய இசை அரங்குகளில் ஒன்று. கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் எல்.சி.ஆர். கூடத்துக்கு நாரிச் நகரமே வருகிறது. வேறு பல இடங்களில் கூடம் படிப்பறையாகவும் காபிக் கடையாகவும் மாறிவிட்டது. மாறாக, மேசை பெரிதாகியிருக்கிறது. மனநல உதவி, வாடகைத் தகராறு, மதிப்பெண் மேல்முறையீடு, உணவு வங்கி என்று வரிசை நீள்கிறது. அந்த வரிசைக்குப் பணம் இப்போது பெரும்பாலும் பல்கலைக்கழக மானியத்திலிருந்து வருகிறது. மானியம் கொடுப்பவரை எதிர்த்து மாணவருக்காக வாதாட வேண்டிய மேசை அது. சொந்தச் சம்பாத்தியம் இருந்த காலத்தில் யூனியனின் குரலில் இருந்த உறுதியை அவர் மறக்கவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கும் அது வேண்டும் என்று விரும்புகிறார்.

சின்ன அரங்குகள் நாடெங்கும் மூடிவருவதைக் கண்டு, பெரிய அரங்கங்களின் டிக்கெட்டிலிருந்து ஒரு சிறு பங்கை அவற்றுக்குக் கொடுக்கலாம் என்று 2024-இல் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. அதைப் படித்த கையோடு அவர் தன் பழைய யூனியனின் புதிய கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, இன்னும் யாரும் பதிவு செய்யாத குழுக்களுக்குக் கூடத்தை வாடகையின்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். குழுவைத் தேர்ந்தெடுப்பதும் கணக்கு முடிப்பதும் முதலாண்டு மாணவர்கள் கையில் இருக்கட்டும், ஒலி அமைப்பவருக்கு மட்டும் முழுச் சம்பளம் கொடுங்கள். இரவு வண்டியைக் கச்சேரிச் செலவில் எழுதுங்கள்.